பதினாலாம் நம்பர் இடம்

15 ஜூன் 2025, ஞாயிறு

காலை பதினோரு மணிக்கே பார்க்கிங் நிரம்பிவிட்டது. விசில் ஊதி ஊதி உதடு வெடித்துப்போயிற்று. ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்தன, சம்பளம் வந்தது, அதைச் செலவழிக்க ஓர் இடம் வேண்டாமா? அதுதான் எங்கள் காம்ப்ளக்ஸ். ‘எங்கள்’ என்கிறேன் பார், காவல்காரன் புத்தி! ஹாஸ்டல் பிள்ளைகளும் லீவு நாளில் வேறு எங்கே போகும்? ஏரிக்கரைக்கு வேலி போட்டாயிற்று. பந்தாடின திடலில் குடோன் நிற்கிறது. நிழலில் உட்கார வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் வாங்கியாக வேண்டும்.

ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே ஆள் நுழைய முடியாதபடி நிறுத்த வைப்பேன். “இதுல உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல அங்கிள்” என்றான் மேனேஜர் பிரவீன். பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரி ராஜாமணி வந்து ஏசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். எஸ்கலேட்டரில் ஏற அவளுக்குப் பயம். ஏறுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க மட்டும் பயமில்லை. கிளம்பும்போது பதினாலாம் நம்பர் இடத்தைக் காட்டி, “இங்கதான உங்கம்மாவ எறக்கி வச்சிங்கோ?” என்றாள்.

“சும்மா இருடி, கஸ்டமர் காதுல வுழப்போவுது.”

9 ஆகஸ்ட்

ராஜாமணிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். டாக்டர் என்னைப் பார்க்காமல் ஸ்கேன் படத்தைப் பார்த்தே பேசினார். வெளியே வந்து அவளிடம் வாயுக்கோளாறு என்றேன். “பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி உனக்கு” என்றாள்.

24 ஆகஸ்ட்

இன்று அவளே கேட்டுவிட்டாள்.

“நான் போனா நம்ம வழியாத்தான் தூக்கினு போவணும். கல்லாண்ட எறக்கி வச்சி, தல மாத்தித் தூக்கணும். உங்கம்மா, உங்கப்பா எல்லாம் அப்டித்தான் போனாங்கோ. என்ன வண்டில போட்டு ஆட்டிக்கினு போவாத.”

சரி என்று தலையாட்டினேன். எந்த வாயால் சரி என்றேன்? எங்கள் தெருவின் சுடுகாட்டு வழி பார்க்கிங்கின் நடுவே போகிறது. பாடையை இறக்கி வைக்கும் கல் இருந்த இடத்தில் டைல்ஸ் போட்டு 14 என்று எழுதியிருக்கிறார்கள். சுடுகாட்டுப் பக்கம் சுவரும் பூட்டின கேட்டும். காம்ப்ளக்ஸ் திறந்து பதினோரு மாதமாகத் தெருவில் ஒரு சாவும் இல்லை. அதனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

2 செப்டம்பர்

பிரவீனிடம் சொன்னேன். “எழுதிக் குடுங்க அங்கிள், ஹெட் ஆபீஸுக்கு அனுப்பறேன்” என்றான். நல்ல பிள்ளை. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

17 செப்டம்பர்

பதில் வந்தது. கூடவே ஒரு ஜெராக்ஸ். பார்த்தால், என் கையெழுத்து!

பூமிபூஜை அன்று, ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கேட்டார்கள். தெருவில் பத்தாவது படித்தவன் நான்தானே. ‘சுடுகாட்டுக்குப் போகும் வழியை மட்டும் விட்டுவிட வேண்டும்’ என்று எழுதப் போனேன். பக்கத்து வீட்டு முனியம்மாள் அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். “பூஜ நடக்கற எடத்துல அந்த வார்த்தய எழுதலாமாடா? வெளங்குமா?” எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும்தான். ‘வயலுக்குப் போகும் வழி’ என்று எழுதினேன். வயல்தான் விற்றாயிற்றே, வழி எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்கு விசில் கிடைத்தது, மகள் சுபஸ்ரீக்கு பில் கவுண்டரில் வேலை கிடைத்தது.

ராஜாமணியிடம் சொல்லவில்லை.

11 அக்டோபர்

தீபாவளி சேல் ஆரம்பம். வீட்டுக்குப் போனால் அவள் சாப்பிடவே இல்லை. “கூட்டமா?” என்று மட்டும் கேட்டாள்.

20 அக்டோபர், தீபாவளி

நேற்று விடியற்காலை அஞ்சு மணிக்குப் போய்விட்டாள்.

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் மண்டை வெடித்துவிடும்.

மூன்று மணிக்குத் தூக்கினோம். பிரவீன் ஹெட் ஆபீஸைக் கேட்காமலே பின்பக்கக் கேட்டைத் திறந்து வைத்திருந்தான். வேலை போனால் போகட்டும் என்றானாம். முன்வாசலில் நுழைந்தோம். நுழைந்து? உள்ளே கார். கார், கார், கார். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு! வரிசையில் ஒரு பாடை போக இடமில்லை. ஆள் நுழையாதபடி நிறுத்த பார்க்கிங் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நான்தானே? நான்தானே சொல்லிக் குடுத்தேன்!

பிரவீன் மைக்கில் கார் நம்பர்களைப் படிக்க வைத்தான். நடுநடுவே வேட்டி ஆஃபர், மிக்சி ஆஃபர். பதினெட்டு நம்பர் படித்ததில் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தர், “பில்லிங் கியூல நிக்கறோம், அஞ்சே நிமிஷம்” என்று சொல்லி அனுப்பினார். அந்த அஞ்சு நிமிஷம் முடியவே இல்லை. தோளில் அவளோடு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். ஒரு குழந்தை கைகாட்டியது. அதன் அம்மா கண்ணைப் பொத்தி இழுத்துப் போனாள்.

எடுத்த பாடையை வீட்டுக்குத் திருப்பக் கூடாது. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். ஹைவே சுற்றிப் போக நாலு கிலோமீட்டர். காம்ப்ளக்ஸ் டெலிவரி வண்டிதான் கிடைத்தது. பக்கவாட்டில் ஆஃபர் படம். அதில் ஏற்றினோம். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் அவள் தலை ஆடியது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன்.

ராஜாமணி, ஒண்ணே ஒண்ணு கேட்ட. அதக்கூட நான் செய்யலயே.

6 நவம்பர்

காரியம் முடிந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். “வுட்டுட்டு எங்கப்பா போவ? வயலுக்கா?” என்றாள் சுபஸ்ரீ. சொன்ன பிறகு அவளே அழுதாள்.

10 நவம்பர்

டூட்டியில் சேர்ந்தேன். பதினாலாம் நம்பரில் சிவப்புக் கூம்பு ஒன்றை வைத்தேன். ஏன் என்று பிரவீன் கேட்டான். டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது என்றேன். அவன் குனிந்து பார்க்கவில்லை.

4 டிசம்பர்

முனியம்மாள் அக்கா போய்விட்டாள். அவள் மகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வண்டிக்குப் போன் போட்டுவிட்டான்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

பொங்கல் சேல். கூட்டம் ஹைவே வரை நிற்கிறது. பிரவீன் ஓடி வந்தான். ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறார்களாம். கூம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அங்கிள்...” என்று மட்டும் சொன்னான்.

நானே எடுத்தேன்.

வெள்ளைக் கார் ஒன்று வந்தது. வலது, வலது, போதும் என்று விசில் ஊதி, பக்கத்துக் காரை ஒட்டி நிறுத்த வைத்தேன். இறங்கினவர் மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “லிப்ட் பக்கத்துலயே நல்ல எடமா குடுத்தீங்க, பெரியவரே. இவங்களால ரொம்ப தூரம் நடக்க முடியாது” என்றார்.

டோக்கனில் பதினாலு என்று எழுதிக் கொடுத்தேன்.