மேசைக்குப் பின்னால் ஒரு கொக்கி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். முழங்கால் வேறு மாதிரி சொல்கிறது, அதை விடு. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம், அத்தை சொன்னாள். எனக்கு வராத செய்தியெல்லாம் அவளுக்குத்தானே வருகிறது.

உன் சலவைக் கடையை ஒரே வருஷத்தில் ஆறு கடையாக்கப் போவதாகவும், சித்தப்பாவைக் கூட்டுச் சேர்ப்பதாகவும், நம் கடைக்கு அவன் கூட்டி வந்த அந்த வியாபார நிபுணர் வகுத்துக் கொடுத்த திட்டத்தையே பின்பற்றப் போவதாகவும் எழுதியிருந்தாய். என் சம்மதம் வேண்டுமாம். அந்த மனிதர் சொன்னதெல்லாம் தப்பு என்று சொல்லமாட்டேன். ஹோட்டல் விரிப்புகளைப் பிடி, வாரம் தவறாமல் வேலை இருக்கும் என்றார், சரி. துணி வாங்க மட்டும் சின்னக் கடைகள் போட்டு, துவைப்பதை ஒரே இடத்தில் வை என்றார், அதுவும் சரி. இதையே பொருளாதாரம் படித்த உன் அண்ணன் சொன்னபோது உன் சித்தப்பா காதில் ஏறவில்லை, கோட்டுப் போட்டவர் காசு வாங்கிக்கொண்டு சொன்னதும் வேதவாக்கு. நம் இஸ்திரிக்காரர் அவருக்குப் ‘புயல் சார்’ என்று பேர் வைத்தார். மொதல்ல எது பறக்கப் போவுதுன்னு பாத்துக்கிட்டே இருங்க முதலாளி என்பார்.

நம் பழைய கடையில் மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்த பித்தளைக் கொக்கி உனக்கு நினைவிருக்கும். குழந்தை மையால் கிறுக்கிய சட்டையை நாம் வெள்ளை வெளேரென்று துவைத்துக் கொடுக்க, அந்தத் தகப்பன் கிறுக்கல் எங்கே என்று நின்றாரே, அதன் பிறகு உன் அம்மா மாட்டியது. கேட்காமல் தொடக்கூடாத துணி அதில் தொங்கும். புயல் சாருக்கு அது பிடிக்கவில்லை. காத்திருக்கும் துணி நஷ்டம், வந்தது அன்றே இயந்திரத்துக்குள் போனால்தான் வேகமாக வளரலாம் என்றார். சித்தப்பாவும் கொக்கியில் கிடந்ததையெல்லாம் எடுத்து இயந்திரத்தில் போட்டுவிட்டான். அதில் உன் அம்மாவின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் இருந்தது.

பங்குத் தகராறில்தான் நானும் சித்தப்பாவும் பேசாமல் போனோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் திருத்தவில்லை, சொத்துச் சண்டை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அம்மா அந்தச் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, வந்து எடுத்துக்கிறேன், எங்கயும் தூக்கிப் போட்டுடாதீங்க என்றாள். வரவில்லை. அதன் பிறகு கடை திறக்கும் முன் தினமும் அதில் முகத்தை வைத்துக்கொள்வேன். கழுத்துப் பட்டியில் அவள் வாசனை இருந்தது. இது யாருக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும்தான். அவன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தான். அறுந்த பொத்தானைக்கூடத் தைத்திருந்தான். அண்ணே பாருங்க, அண்ணியோடது புதுசு மாதிரி வந்திருக்கு என்றான், முகமெல்லாம் சிரிப்பு. பிரித்து முகர்ந்தேன். எல்லார் துணியும் எப்படி மணக்குமோ அப்படி மணந்தது. வெளியே போடா என்றேன். அன்றோடு சரி. நல்லது நினைத்துத்தான் செய்தான் என்று தெரியும், தெரிந்தும் ஆறவில்லை. வயதானால் கசப்பு குறையும் என்பார்கள், எனக்கு ஊறிக்கொண்டேதான் போகிறது.

ஆறு கடை போடு. சித்தப்பாவையும் சேர்த்துக்கொள், உழைப்பாளி, திருடமாட்டான், உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான். நான் தடுத்தால் மட்டும் கேட்கவா போகிறாய், இந்த வீட்டில் யார் கேட்டார்கள். பழைய கடையை அடுத்த வாரம் செருப்புக் கடைக்காரரிடம் ஒப்படைக்கிறேன். சுவரில் கொக்கி மட்டும் வெறுமையாக நின்றது. கழற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன், திருகாணிகள் காகிதத்தில் மடித்திருக்கின்றன. முதல் கடையில் மாட்டு, மற்றவற்றுக்கு அங்கேயே வாங்கிக்கொள். எத்தனை வேகமாக ஓடினாலும் அதில் தொங்குவதைக் கேட்காமல் தொடாதே. அம்மாவின் சட்டையை உனக்கு அனுப்பச் சொல்லி அத்தை நச்சரிக்கிறாள். அனுப்பவில்லை. நான்தான் போட்டுக்கொள்கிறேன். இப்போது அதில் என் வாசனைதான் வருகிறது.

இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், சளி உனக்கு ஆகாது. சித்தப்பா அங்கே வந்ததும் கொக்கியைப் பார்த்து, இது எதுக்கும்மா என்று கேட்பான். இந்தக் கடிதத்தைக் காட்டு. அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உன் அப்பா