வெறும் பீர்தானே

அத்தான்,

நேற்று வாஷியில் நம் கவிதா வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் பீர் பாட்டிலைத் திறந்தார். அந்தப் புளித்த வாசம் வந்ததும், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்களைப் பீருக்கு மாற்றியவள் நான்தானே. தாராவித் தோல் பட்டறையில் வேலை முடிந்து வந்ததும் தினமும் மூன்று சின்னப் பெக் விஸ்கி குடிப்பீர்கள். சத்தம் போட்டதில்லை, கை நீட்டியதில்லை. ஆனாலும் எனக்குப் பயம். கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது, இந்தச் சனியனை விட்டுவிடுங்கள், வேண்டுமானால் பீர் குடியுங்கள் என்றேன். மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து தினமும் இரண்டு பெரிய பாட்டில், ஸ்ட்ராங். நானே ஃப்ரிட்ஜில் குளிரவைத்து எடுத்துத் தந்தேன். "எங்க வீட்டுல அவுக குடிய விட்டாச்சு, வெறும் பீர்தான்" என்று நான் வேலை பார்த்த தையல் கடையில் பெருமை வேறு அடித்தேன்.

நான்கு வருஷத்தில் உங்கள் கால் வீங்கியது. கண் மஞ்சளித்தது. செம்பூர் டாக்டர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டதும் உள்ளதை அப்படியே சொன்னீர்கள். அவர் ஒரு தாளில் பாட்டிலை வரைந்து, பக்கத்தில் நான்கு சின்ன கிளாஸ்களை வரைந்தார். முப்பது மில்லி விஸ்கி ஒரு அளவு என்றால், ஒரு பெரிய ஸ்ட்ராங் பாட்டிலில் நான்கு அளவு இருக்கிறது என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். இரண்டு பாட்டில், எட்டு. மூன்றிலிருந்து உங்களை எட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் டீ வாங்கிவந்து கையில் கொடுத்தீர்கள்.

"ஏட்டி, அழாத. ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்லதுன்னு நெனச்சுதான செஞ்ச?"

டாக்டர் மாத்திரை கொடுத்து, கொஞ்சங் கொஞ்சமாகக் குடியை நிறுத்தினார். முதல் வாரம் கை நடுங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் தவித்தீர்கள். நான் ஊட்டினேன். கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டீர்கள். அதன்பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனால் ஈரல் காத்திருக்கவில்லை. பதினான்கு மாதம்தான் கிடைத்தது. அதில் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினீர்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண், தன் புருஷன் இப்போது பீருக்கு மாறிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். எந்தப் பாட்டில், ஸ்ட்ராங்கா என்று கேட்டேன். டாக்டர் சொன்ன கணக்கைச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போனது. மறுநாள் இரண்டு பேரும் என்னிடம் டாக்டரின் விலாசம் கேட்டு வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினேன். அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம், அத்தான். திட்டாமலே போய்விட்டீர்கள். அதைத்தான் நான் இன்னும் இறக்கிவைக்க முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.