ம. போட்ட சிவப்புக் கோடுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்பது மணிவரை பனிமூட்டம். துணி காயவில்லை. இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் நான்காம் மாதம். சட்டம் முடிந்தது. சினிமா வசன வரிகள் முடிந்தன. இப்போது மருத்துவம்: சர்க்கரை நோயாளிகளுக்கான துண்டறிக்கை, இரண்டு பக்கம். பயிற்சிக்கு மட்டுமல்ல, அச்சாகி மலைக் கிராமங்களுக்குப் போகப்போவது.

திருத்துநர் பதினோரு இடத்தில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். பெயர் கிடையாது, வெறும் "ம." ஆணா பெண்ணா தெரியாது. ஆண் என்றே நினைக்கிறேன். எல்லாக் கோட்டுக்கும் ஒரே குறிப்பு: ஒரு பொருளுக்கு ஒரே சொல். குத்தகைப் பத்திரத்திலும் இதையேதான் சொன்னார். சினிமாவில் மட்டும் சொல்லைக் குறை, இடம் இல்லை என்றார். துறைக்கு ஒரு சட்டமா, ஆளுக்கு ஒரு சட்டமா?

மாத்திரை, வில்லை, குளிகை என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். கான்வென்ட்டில் ஒரே பத்தியில் ஒரு சொல் இரண்டு முறை வந்தால் சிஸ்டர் நோட்டைத் தூக்கி மேசைமேல் போடுவார். அறுபது வருடப் பழக்கம். ம. அந்த வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ரேஞ்சராக இருந்த என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் "விட்டுத் தள்ளு" என்றிருப்பார். விடவில்லை. பயிற்சி நடத்தும் ஹேமாவுக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம். ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்று முடித்தேன்.

பக்கத்து வீட்டுக் காசியம்மா, பால் கொண்டுவந்தவள், கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கத் தெரியாது என்கிறாள். நம்புவதற்கில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். கரண்ட் 2–4 இல்லை.

ஹேமா போன் செய்தாள். என் கடிதம் ஏற்கப்பட்டதாம். நான் எழுதியபடியே வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அச்சுக்குப் போகிறது. ஜெயித்துவிட்டேன்.

இவ்வளவு சீக்கிரம் ஏன் இறங்கிவந்தார்கள்? கடிதத்தைப் படித்தார்களா? கிழவியிடம் மல்லுக்கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்களா?

ம.விடமிருந்து ஒரே ஒரு வரி: "பக்கத்து வீட்டில் யாருக்காவது ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்." நேற்றுச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது. எனக்கா சொல்கிறார்?

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். மிளகாய் காயப்போட்டேன்.

ம.வின் வாயை அடைக்கவே வாசித்துக் காட்டினேன். காசியம்மாதான் கிடைத்தாள். அவள் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறவர், பொருத்தம்தான். தட்டில் பத்துப் புளியங்கொட்டை வைத்தேன். நான் வாசித்து முடித்ததும், காலையில் எத்தனை விழுங்கவேண்டுமோ அத்தனை கொட்டை எடுத்து வைக்கவேண்டும்.

வாசித்தேன். காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை. வில்லையை மெல்லாமல் விழுங்கவும். குளிகையுடன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவும். நிறுத்தி நிதானமாக, உச்சரிப்புச் சுத்தமாக.

மூன்று கொட்டை எடுத்து வைத்தாள்.

"மாத்திர தெரியும். வெள்ளையா இருக்கும். வில்ல இன்னா கலருங்க, ரேஞ்சரம்மா?"

மூன்றும் ஒன்றுதான் என்றேன். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுத்துக்கு எதுக்குங்க மூணு பேரு? ஊர வுட்டு ஓடிப்போனவனா அது?"

சிரித்துக்கொண்டே போனாள். வேண்டுமென்றே செய்திருக்கிறாள். போன வாரம் பாலில் தண்ணீர் என்று சொன்னதற்குப் பதில் இது.

மிளகாயை எடுக்க மறந்து, பனியில் நனைந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேகம். மூன்று மணிக்குமேல் பெரிய மழை.

காசியம்மா சாமைக் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நேற்று நடந்ததை அவள் சொன்னாளா என்று இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றார். பொய் சொல்லும் முகம் இல்லை. இருந்தாலும் தாளைத் திருப்பி, கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி வாசித்தேன்.

மூன்று கொட்டை. அவரும்.

எடுத்தவர் தட்டில் வைக்கவில்லை. உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தை மாசம் மறந்துபோய் ரெண்டு போட்டுட்டேங்க. ஓடையாண்ட கண்ணு இருட்டி வுழுந்துட்டேன். அவதான் சக்கரத்தண்ணி ஊத்தி எழுப்புனா. மூணு தாங்குமாங்க? அச்சடிச்ச பேப்பர்ல வந்தா போட்டுத்தான் ஆவணும்."

ஒன்றே ஒன்று, எந்தத் தாளில் என்ன இருந்தாலும் ஒன்றே ஒன்று என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். மற்ற ஊர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

உடனே ஹேமாவுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. அதற்குள் மழை. டவர் போய்விட்டது. ஆறு மணிவரை மாடிப்படியில் நின்று முயன்றேன்.

எழுதியதை மறுபடி படித்தேன். நல்ல நடை. எந்தப் பத்தியிலும் ஒரு சொல் திரும்ப வரவில்லை. பதினோரு இடம் என்று ம. சொன்னார். நான் எண்ணியதில் பதினான்கு. அவரும் மூன்றை விட்டிருக்கிறார். இது ஒரு ஆறுதலா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

முதல் பஸ். குடை, கண்ணாடி, திருத்திய தாள், பிஸ்கட். வளைவுகளில் குமட்டல். பக்கத்து சீட்டுப் பெண் வாந்திக்குப் பை நீட்டினாள். வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

அடிவாரம் வரும்வரை சிக்னல் இல்லை. போளூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூக்கடை ஓரம் நின்று பேசினேன். மணி 9.40.

"மேடம், நீங்கதானே ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு எழுதினீங்க?"

ஆமாம் என்றேன். நான்தான்.

பதினான்கு இடத்தையும் வரி வரியாகச் சொன்னேன். எல்லாம் மாத்திரை. மாத்திரை, மாத்திரை, மாத்திரை. பூக்கட்டுகிறவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை ம.வும் பார்ப்பாராம். "கடைசி நேரத் திருத்தம்னு போட்டுக்கட்டுமா, மேடம்?" என்றாள் ஹேமா. நல்ல பெண்தான். எனக்காகச் சொல்கிறாள்.

கூடாது என்றேன். மொழிபெயர்ப்பாளரின் பிழை, திருத்துநர் சொன்னதே சரி என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டேன் என்றாள். குரலில் ஏதோ தயக்கம். மென்மையாக்கி எழுதியிருப்பாள் என்று பட்டது. எழுதியதை அப்படியே படி என்றேன்.

படித்தாள். நான் சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாறாமல்.

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.