சுலோஜனா என்னும் எழுத்து

12.3.2002
இன்று மூன்று கல்யாண அட்டைகள். மேல்வரிகளை நான் கையால் எழுத, கிஷாந்தன் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்தார். பசறையிலிருந்துகூட நம் அச்சகத்தைத் தேடி வருவது என் சாய்ந்த எழுத்துக்காகத்தான் என்கிறார் முதலாளி. ழகரத்தின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் ஓடவிடுவேன். அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

2.4.2002
ஒரே அறையில் வேலை. ஆனாலும் கிஷாந்தனுக்குக் கடிதம்தான் வேண்டும். "உம்மட எழுத்தைப் பாத்தா உம்மைப் பாத்த மாதிரி. எல்லா எழுத்தும் வாற மாதிரி நீட்டி எழுதும்" என்றார்.

19.5.2002
பதினேழாவது கடிதம். ஔ இன்னும் வரவில்லையாம். "நீங்கதான் எனக்கு ஔடதம்" என்று எழுதிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

30.8.2002
வீட்டில் நம் விஷயம் பேச யாழ்ப்பாணம் போனவர் இன்னும் திரும்பவில்லை. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை என்று தன் அம்மாவிடம் சொல்லியிருப்பாரா?

11.9.2002
அட்டை மடிக்கும் ஸல்மா ஓர் அழைப்பிதழை என் மேசையில் வைத்தாள். தபாலில் வந்ததாம். "துஷாந்தினி, இத எப்ப எழுதின?"
கிஷாந்தன் – சுலோஜனா.
என் எழுத்து. நான் எழுதவில்லை.

12.9.2002
முதலாளி கம்ப்யூட்டரில் காட்டினார். கிஷாந்தன் செய்து வைத்துப்போன எழுத்துரு. பெயர் 'சுலோஜனா'. கொழும்பில் ஒரு கம்பனிக்கும் விற்றிருக்கிறாராம். விசையைத் தட்டத் தட்ட என் கை வருகிறது. ஔவைத் தட்டினேன். அதுவும் வந்தது. கல்யாண அட்டையில் ஔ ஏது? அதை அவருக்கு மட்டும்தானே எழுதினேன்—
எதுக்குய்யா கடிதம் எழுதச் சொன்ன? ஒரு தாள்ல எழுதிக் குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.

13.9.2002
வேலைக்குப் போகவில்லை.

4.11.2002
அச்சகத்தில் கிடந்த மிச்சச் சாமான்களை எடுக்கக் கிஷாந்தன் வந்தார். "அம்மா முடிவு பண்ணிப்போட்டா. நான் என்ன செய்யிறது?"
"எழுத்து?"
"அது வேலையெல்லோ. கோவியாதையும்."
கடிதங்களைக் கேட்டு வாங்கினேன். எழுத்துகளைச் சுற்றிப் பென்சில் வட்டம், பக்கத்தில் இலக்கம். 'ஔடதம்' என்பதில் ஔ மட்டும் வட்டத்துக்குள். வாசித்தாரா இல்லையா?

20.1.2004
அச்சகத்தை விட்டாயிற்று. தோட்டப் பாடசாலையில் ஆசிரியை நியமனம். பஸ்ஸில் வரும்போது பேக்கரிப் பலகையில் என் எழுத்து. மதிலில் யாரோ ஒருவரின் மரண அறிவித்தலிலும்.

7.6.2005
கல்விப் பணிமனையிலிருந்து கமலாம்பிகை மிஸ் வந்திருந்தார். கரும்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரில இருக்கிற சுலோஜனா எழுத்தெல்லே? பாத்துப் பழகினீரோ?" என்றார்.
"இல்லைங்க மிஸ். அது என் எழுத்துங்க."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து அடுத்த வரியை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"பிறகேன் அதுக்கு வேற பேர்?"
மூன்று வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.
பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொன்னேன்.