அப்பா, வழக்கைப் பற்றி எழுதாதீர்கள்

ஹோல்டன்,
16 செப்டம்பர் 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

கோலெட் எழுதுவது. நீங்கள் மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி வீண். என்னை ஜூரியில் எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, "ஐயா, உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பிச்சாச்சு, லாரி ஓட்ட என்னை விட்டா ஆள் இல்ல" என்று நீதிபதியிடம் சொன்னேன். கூடமே சிரித்தது. "இந்தப் பக்கம் கிழங்கு தோண்டாதவங்க யாரும்மா? ஜூரிக்கு ஆளை நான் கனடாவுல இருந்தா கூட்டிட்டு வர?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டார்.

பன்னிரண்டு பேரில் நான்தான் சின்னவள். பத்தொன்பது வயதில் ஜூரியா என்று ஒருவர் மாற்றி ஒருவர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "பாப்பா, காபி கொண்டா", "பாப்பா, ஜன்னலைச் சாத்து". இதற்குத்தானா அரசாங்கம் முத்திரை குத்தி அழைப்பு அனுப்பியது?

எட்னா அத்தை தினமும் பீன்ஸ் வேகவைக்கிறாள். இன்றும் பீன்ஸ்.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கைப் பற்றி நான் யாரிடமும் பேசக்கூடாது, என்னிடமும் யாரும் பேசக்கூடாது. தயவுசெய்து எதுவும் எழுதாதீர்கள். போனும் வேண்டாம். நம் தெருவுக்கே ஒரே போன் லைன், எல்லா வீட்டுக்காரர்களும் ஒட்டுக்கேட்பார்கள்.

உங்கள் மகள்,
கோலெட்


17 செப்டம்பர்

என் அருமை மகளுக்கு,

உன் தம்பி லாரியை ஓடையில் இறக்கிவிட்டான். "பிரேக்கு சரியில்லப்பா" என்கிறான். மூளைதான் சரியில்லை. உன் அம்மா மாவு கரைத்து ரொட்டி சுட்டுச் சுட்டு, வேலைக்கு வந்த கூட்டத்துக்குப் போட்டு மாளவில்லை. பனி கொட்டுவதற்கு முன் மேல்காட்டையாவது தோண்டியாக வேண்டும். மகளைக் கோர்ட்டுக்குத் தாரைவார்த்துவிட்டு நான் இங்கே அல்லாடுகிறேன்.

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். பேப்பரிலேயே போட்டுவிட்டான். துமோனின் கிழங்குக் கிடங்கு எரிந்த கேஸ், நார்மன் பெல்த்தியே மேல். இதற்கா ஒரு வாரம்? ஆற்றுக்கு மேற்கே எல்லோருக்கும் தெரியும், அவன் ஏற்கெனவே ஒரு கொட்டகையைக் கொளுத்தி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். கோர்ட்டில் உங்களிடம் அதைச் சொல்ல மாட்டார்களாம், சட்டமாம். நான் சொல்லிவிட்டேன். கையைத் தூக்கிவிட்டுச் சீக்கிரம் வந்து சேர்.

உன் அப்பா,
அல்சீட்


ஹோல்டன்,
20 செப்டம்பர்

அப்பாவுக்கு,

எழுதாதீர்கள் என்று கெஞ்சினேன் அல்லவா? கேட்டீர்களா?

இனி நான் பேசலாம். எங்களைக் கலைத்துவிட்டார்கள், உங்களால். கேளுங்கள்.

நேற்றுக் காலை நாங்கள் உள்ளறையில் கூடியபோது பதினொரு பேர் அவன்தான் குற்றவாளி என்றார்கள். நான் ஒருத்திதான் இல்லை என்றேன். "பாப்பா, கிழங்கு மண்ணிலேயே உறைஞ்சு போகுது, சட்டுனு முடிம்மா" என்று பிடுங்கி எடுத்தார்கள். சாட்சி மேட்டுச் சாலையில் போனபோது, கிடங்கின் கதவை நார்மன் திறந்ததைப் பார்த்தாராம். நான் கேட்டேன்: "உங்க கிடங்கெல்லாம் மேட்டைக் குடைஞ்சுதானே கட்டியிருக்கு? கதவு பள்ளத்தைப் பாத்துதானே இருக்கு? மேல இருந்து பாத்தா கூரை தெரியும், கதவு எப்படித் தெரியும்?" எல்லோரும் கிழங்குக்காரர்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை! சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே ஒரு கிழவர், "ராத்திரி யோசிக்கிறேன், பாப்பா" என்றார். அந்தப் 'பாப்பா'வில் முதல்முறையாக மரியாதை இருந்தது.

அத்தை வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் உங்கள் கடிதம்.

அடுப்புவரை கொண்டுபோனேன் அப்பா. போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது, நார்மன் இன்று வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் உங்கள் சொல் என் காதில் விழுந்துவிட்டதே, அதை எந்த அடுப்பில் போடுவது? விடிய விடிய அவன் முகம் எனக்குக் கொள்ளிக்கட்டையோடுதான் தெரிந்தது. சத்தியம் செய்து உட்கார்ந்தவள் நான். காலையில் கடிதத்தை நீதிபதியிடம் கொடுத்துவிட்டேன்.

படித்தார், பெருமூச்சு விட்டார், ஜூரியைக் கலைத்தார். மறுபடி விசாரணை ஜனவரியில். அதுவரை ஜாமீனுக்கு வழியில்லாமல் அவன் சிறையில்.

படியிறங்கும்போது அவனுடைய வக்கீல் என்னை நிறுத்தினார். "உங்கப்பா சொன்ன ஆளு ஜோ வீட்டு நார்மன். இவன் ஃபெலிக்ஸ் வீட்டு நார்மன். ஒரு தடவைகூடப் போலீஸ் வாசலை மிதிக்காதவன்." நம் ஆற்றோரத்தில் ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள், அப்பன் பேரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே! யார் வீட்டு நார்மன் என்று கேட்க உங்களுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா?

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. நான் இப்போது வீட்டுக்கு வரவில்லை.

கோலெட்


24 செப்டம்பர்

என் மகள் கோலெட்டுக்கு,

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் மாவு கரைக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபெலிக்ஸ் வீட்டுக்குப் போனேன். ஃபெலிக்ஸ் இறந்து வருஷமாகிறதாம், அதுகூட எனக்குத் தெரியவில்லை. நார்மனின் அம்மா மட்டும் இருந்தாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தேநீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "உங்க பொண்ணு என் பையனை முன்னப்பின்ன பாத்ததில்ல. அவளே இவ்வளவு யோசிச்சிருக்கா. நீங்க இந்த ஆத்தங்கரையிலேயே பொறந்து வளந்தவரு. உங்களுக்கு ஏங்க தோணல?"

தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நிலப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஹோல்டன் வருகிறேன். அதைப் பிணையாக வைத்தால் ஜனவரி வரை அவனை வெளியே விடுவார்களாம். அறுவடை நடுவிலா என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். மேல்காடு உறைந்தால் உறையட்டும்.

நீ கோர்ட் வாசலுக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தாயானால் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், காட்டுகிற இடத்தில் கையெழுத்து மட்டும் போடுவேன்.

உன் அப்பா,
அல்சீட்