வானொலியில் சொல்லாமல் விட்ட பெயர்

இன்று காலை பக்கத்து வீட்டு வானொலியில் மரண அறிவித்தல் போனது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேலியடியில் போய் நின்றேன். யாரோ எவரோ. ஆனாலும் முழுப்பெயரையும் சொல்கிறார்களா என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஒட்டுசுட்டானில் உங்கள் ஒரு வீட்டுக்குத்தான் 'கரைச்சியார்' என்ற பெயர். கரைச்சிப் பக்கத்திலிருந்து வந்த பரம்பரை. காட்டை வெட்டி முதல் வயல் விதைத்த பூட்டன் கரைச்சியார், யானைக் கூட்டத்தைத் தீப்பந்தத்தோடு தனியே மறித்த பெரியப்பா கரைச்சியார் என்று கலியாணமான புதிதில் நீங்கள் அடுக்கிக்கொண்டு போக, எனக்குக் கொட்டாவி வரும். கிணற்றடியில் பெண்கள் அதைக் கரைச்சல், அதாவது தொல்லை, என்று திரித்து என்னைக் "கரைச்சலாற்ற பெண்சாதி" என்று சிரிப்பார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னால், "கரைச்சல் குடுக்கிற ஆள்தானே நான்" என்று நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். பிள்ளையில்லாத நம் வீட்டில் உங்களோடு முடியப்போகிற பெயர் அது. நான் அதை வெறுத்தேன்.

முல்லைத்தீவில் கருவாட்டுக் கடை வைத்திருந்த மீரான் காக்காவுக்கு உங்களை அந்தப் பெயரால் மட்டுமே தெரியும். நெல் வண்டியோடு போனால் அவரிடம்தான் தங்குவீர்கள். "என்ர பாடையில ஒரு மூலை மீரானுக்கு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

நீங்கள் வயலில் விழுந்து கண்மூடிய அன்று, வானொலிக்குத் தந்தியடிக்க மாங்குளத்துக்குச் சைக்கிள் எடுத்த என் தம்பி கேட்டான்: "கரைச்சியார் எண்டும் போடட்டோ, அக்கா?"

நாடு முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தேன். "வேண்டாம், ஆறுமுகம் எண்டு மட்டும் போட்டால் காணும்."

பாவி நான். ஆறுமுகம் என்றால் மீரான் காக்காவுக்குத் தெரியாது என்ற நினைப்பே இல்லாமல், மறுநாள் அவர் வருவார் என்று பொழுது சாயும்வரை பாடையை எடுக்கவும் விடவில்லை. கடைசியில் அந்த மூலையைத் தம்பிதான் தூக்கினான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கிழமை, வேலிப் படலையில் அவர் குரல்: "கரைச்சியார், எங்க ஆளைக் காணேல்ல?" கையில் உங்களுக்குப் பிடித்த பாரைக் கருவாடு. நான் சொன்னதும் மண்ணிலேயே இருந்துவிட்டார்.

"றேடியோவில கேட்டனான், தங்கச்சி. ஆரோ ஒரு ஆறுமுகம் எண்டு நினைச்சுக் கடையைத் திறந்தன்."

அன்றைக்கு அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்கான அறிவித்தலை நானே ஒரு தாளில் எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறேன். 'காலஞ்சென்ற கரைச்சியாரின் மனைவி' என்றுதான் தொடங்குகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மீரான் காக்கா அதுவரை உயிரோடு இருந்தால், இந்த முறை அவர் கடையைத் திறக்கமாட்டார்.