நாக்கடியில் கரைய வேண்டியது

14 ஜூன் 1994, செவ்வாய்

முடிச்சூர் ரோடு. பத்து மணிக்கே எங்கள் மருத்துவ வேனின் தகரம் சுட்டது. பவுடர் போதையை விட்டொழிக்க வருகிறவர்களுக்கு மாற்று மாத்திரை கொடுப்பது சுலபம். அது நாக்கடியில் கரையும்வரை அவர்களை எதிரில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. எல்லோருக்கும் வேலைக்கு ஓடுகிற அவசரம்.

குப்புராஜ் மட்டும் தேறவே இல்லை. குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர். பவுடரை நிறுத்தினால் வரும் ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல். டாக்டர் வேதசிரோமணி அளவைக் கூட்டியும் அப்படியே. "பவுடரத் தொடறதேயில்ல சிஸ்டர், எம்பொண்ணு மேல ஆணையா" என்கிறார். நம்பத் தோன்றுகிறது.

16 ஜூன்

வேன் பாட்டரி இறங்கிவிட்டது. பெருங்களத்தூருக்குப் போகவில்லை. காத்திருந்திருப்பார்கள்.

21 ஜூன், செவ்வாய்

குப்புராஜ் இன்று பிடிபட்டார். இருமுவதுபோல வாயைத் துண்டால் மூடினார். நான் துண்டை வாங்கி விரித்தேன். பாதி கரைந்த மாத்திரை.

"விக்கிறியா?" என்றார் டாக்டர். மூன்று தடவை கேட்டும் குப்புராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளை முதல் வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவர் விற்கிறவர் இல்லை சார் என்றேன். "நம்பிக்கைய வச்சு வண்டி ஓட்ட முடியாது சிஸ்டர். ஒரு மாத்திரை வெளியில வித்தது தெரிஞ்சாலும் போலீஸ் வேனையே நிறுத்திடுவாங்க. மத்தவங்க கதி?"

அதுவும் நியாயம்தானே.

22 ஜூன்

குப்புராஜ் எதிர் டீக்கடையில் நின்று வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

25 ஜூன், சனி

மனசு கேட்காமல் குப்புராஜ் வீட்டுக்குப் போனேன். ஏரிக்கரைக்குக் கீழே குடிசை. அவர் இல்லை. மனைவி கிளியம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள். இந்த வெயிலில் போர்வை. கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, கண்ணில் நீர் வழிந்து - எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், பவுடர் கிடைக்காமல் தவிக்கிற உடம்பு எனக்குத் தெரியாதா?

"அவரு விக்கல சிஸ்டர். எனக்குத்தான் எட்த்துகினு வந்தாரு" என்றாள்.

"உனக்கு யார் பழக்கினது?"

"வவுத்து வலில துடிச்சேன். பாக்க முடியாம அவருதான் இத்தினியூண்டு பவுடரு குட்த்தாரு. கெடுக்கணும்னு இல்ல சிஸ்டர்."

"நீயே வேனுக்கு வந்திருக்கலாமே?"

"அத்தினி ஆம்பளைங்க நடுவுல நின்னா தெருவுல இன்னா பேசுவாங்கோ? பொண்ணு கீதே எனக்கு."

அவர் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லையாம்.

27 ஜூன்

டாக்டரிடம் சொன்னேன். "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். டிரைவர் சவுரிமுத்து அண்ணன் தாம்பரம் முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை.

29 ஜூன்

குப்புராஜ் போயிட்டார். ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட் பின்னாடி கிடந்தாராம். பக்கத்துல பவுடர் ஏத்தின ஊசி. கொஞ்ச நாள் பவுடரை விட்டுட்டு இருந்துட்டு, திரும்பப் பழைய அளவே போட்டா உடம்பு தாங்காது - டாக்டர் இதை எத்தனை தடவை எல்லாருக்கும் சொல்லியிருக்கார். இவர்கிட்டயும்தான் சொன்னார்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். பாதியில எழுந்துட்டேன்.

1 ஜூலை

"ரூல் தப்பில்லையே சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்டார். தப்பில்லை சார் என்றேன். அவர் அழுதார். நான் மருந்துப் பெட்டியை அடுக்கினேன்.

8 ஜூலை

ஏரிக்கரைக்கு மறுபடியும் போனேன். கிளியம்மாள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. இனிமேல் வேனில் காலையில் முதல் அரைமணி பெண்களுக்கு மட்டும், ஆண்கள் யாரும் நிற்க மாட்டார்கள் என்று கதவைப் பார்த்தே சொல்லிவிட்டு வந்தேன்.

19 ஜூலை, செவ்வாய்

அந்த அரைமணிக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. இன்று கிளியம்மாள் வந்தாள். முக்காட்டை எடுக்காமலே ஏறினாள். டாக்டர் எழுந்து நின்றார். நாடி பார்த்தார். மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு முழுதும் கரையும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "எங்க தெருவுல இன்னும் பொம்பளைங்க கீறாங்கோ சிஸ்டர். இட்டாரட்டா?"

கூட்டி வா என்றேன். எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.